மானிட்டர் பெட்டியில் எத்தனை முத்திரை!

முரளி: பாப்பாவுக்கு மானிட்டர் வாங்கப் போகிறோம். இரண்டு மாடலில் வந்து நிற்கிறோம். பெட்டிகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். இத்தனை முத்திரை எதற்கு? எதைப் பார்த்து வாங்குவது?

ராஜு மாமா: எதில் அதிக முத்திரையோ அதை வாங்கு. முடிந்தது கதை.

கவிதா: மாமா 😄 சித்தப்பா வரட்டும், இருங்கள்.

சேகர் சித்தப்பா: வந்துவிட்டேன். அத்தான், எண்ணிக்கை இதில் செல்லாது. பாதி முத்திரை கம்பெனியே ஒட்டிக்கொள்வது. முரளி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: இதைச் சரிபார்த்தது யார்?

சேகர் சித்தப்பா: இடது ஓரத்தில் இருக்கிற சி.இ. குறியையே எடுத்துக்கொள். ஐரோப்பாவில் விற்க அது கட்டாயம். "உங்கள் சட்டப்படிதான் செய்திருக்கிறோம்" என்று தயாரிப்பவர் தானே கொடுக்கிற உறுதிமொழி, அவ்வளவுதான். 2013 முதல் நச்சுப் பொருள் விதியான ஆர்.ஓ.எச்.எஸ்.ஸும் அதற்குள் அடக்கம். ரோஸ் என்றுதான் எங்கள் லேபில் எல்லோரும் சொல்வோம்.

முரளி: ரோஸ் என்றால் நச்சே இல்லை என்று அர்த்தமா?

சேகர் சித்தப்பா: இல்லைடா. வரம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்தபோது ஆறு பொருள்: ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியத்தில் ஒரு நச்சு வகை, அப்புறம் தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் கலக்கிற இரண்டு புரோமின் குடும்பங்கள். 2019இல் கேபிள் உறையை வளைகிறபடி வைத்திருக்கிற நான்கு தாலேட்டுகளையும் சேர்த்தார்கள். காட்மியத்துக்கு 0.01 சதவீதம், மற்றதற்கெல்லாம் 0.1 சதவீதம்.

கவிதா: மானிட்டர் ஐந்து கிலோ என்றால் 0.1 சதவீதமே ஐந்து கிராம் ஆகிறதே சித்தப்பா. அது கொஞ்சமா?

சேகர் சித்தப்பா: நல்ல கேள்வி. அங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். மொத்த மானிட்டரின் எடையில் கணக்கு இல்லை. பிரிக்க முடிகிற ஒவ்வொரு பொருளும் தனித்தனி. பாகங்களைப் பற்றவைக்கிற உலோகமான சால்டர் ஒரு சொட்டு தனி, கம்பியின் மேலுறை தனி, திருகாணியின் முலாம் தனி. அந்தச் சொட்டு சால்டரில் ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டினால், விதிவிலக்கு எதிலும் வராத பட்சத்தில், அந்த மானிட்டரே தேறாது.

ராஜு மாமா: இன்னொரு பெட்டியில் வட்டத்துக்குள் 10 என்று போட்டிருக்கிறான் பாருங்கள். பத்து வருஷ வாரண்டி! இதையே வாங்கச் சொல்லு.

சேகர் சித்தப்பா: அத்தான், அது சீனச் சட்டம் கேட்கிற குறி. உள்ளே வரம்புக்கு மேல் நச்சுப் பொருள் ஏதோ ஒரு பாகத்தில் இருக்கிறது, சரியாகப் பயன்படுத்தினால் பத்து வருஷத்துக்கு வெளியே கசியாது என்று சொல்கிறது. வரம்புக்குள் எல்லாம் இருந்தால் எண்ணுக்குப் பதிலாகப் பச்சை நிறத்தில் இ என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

ராஜு மாமா: 🙄

தாமரை: அப்போ எந்த முத்திரையைத்தான் நம்புவது தாத்தா?

சேகர் சித்தப்பா: உன் அப்பா போட்ட முதல் படத்தில் டி.சி.ஓ. சர்டிஃபைடு இருக்கிறது பார், அதை நம்பலாம். அதன் பூர்வீகம் எனக்குப் பிடிக்கும். ஸ்வீடனில் அலுவலக ஊழியர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆரம்பித்தது. நாளெல்லாம் பழைய டப்பா மானிட்டரின் குழாய்த் திரைக்கு முன்னால் உட்காருகிறவர்களே "இதிலிருந்து என்ன வெளியே வருகிறது?" என்று கேட்டார்கள். 1992இல் முதல் முத்திரை வந்தது. மின்காந்தப் புலமும் மின்சாரச் செலவும்தான் அப்போது முக்கியக் கணக்கு. 1995 பதிப்பில் நச்சுப் பொருளும் சேர்ந்தது. இன்று ரோஸ் தொடாத இடத்தையும் தொடுகிறது. புரோமின், குளோரின் கலந்த தீத்தடுப்பானுக்கு அங்கே கெடுபிடி. அதற்குப் பதிலாக எதைப் போட்டார்கள் என்பதையும் தனியாக மதிப்பிட்டுத்தான் அனுமதிப்பார்கள். சோதிப்பது வெளியாள்.

சேகர் சித்தப்பா: பதிலுக்குப் போடுவதையும் பார்ப்பது முக்கியம். ஒன்றைத் தடை செய்தால் அதன் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்துவது இந்தத் தொழிலில் சகஜம்.

முரளி: ஈபீட் சில்வர் என்றும் ஒன்று இருக்கிறது.

சேகர் சித்தப்பா: அதுவும் பரவாயில்லை. மின்னணுப் பொருள்களுக்கான சுற்றுச்சூழல் முத்திரை, 2006இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. பொதுப் பட்டியலில் மாடலைத் தேடிப் பார்க்கலாம். எனர்ஜி ஸ்டார் முக்கியமாக மின்சாரம் பற்றியது, நச்சுக்காக அதை நம்பி உட்காராதே. மரக்கிளை, பச்சை இலை, "சுற்றுச்சூழலின் நண்பன்" இதெல்லாம் அச்சுக்கூடத்து அலங்காரம்.

தாமரை: நிறம் நன்றாகத் தெரிய நுண்துகள் சேர்க்கிற குவாண்டம் டாட் மானிட்டரில் காட்மியம் உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள்.

சேகர் சித்தப்பா: சில வகையில் உண்டு, சில வகையில் இல்லை. காட்மியம் இல்லாமல் இண்டியம் பாஸ்பைடில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் காட்மியம் இருக்கிறதா இல்லையா என்று மானிட்டரிலேயே குறி போட வேண்டும். அதே நாளிலிருந்து மானிட்டரின் வெளிக்கூட்டிலும் ஸ்டாண்டிலும் ஹாலஜன் தீத்தடுப்பான், அதாவது புரோமின், குளோரின் போன்றவை கலந்தது, அங்கே தடை. உண்மையில் பெரிய மாற்றம் இதுதான், பேப்பரில் இரண்டு வரிகூட வரவில்லை.

கோமதி அத்தை: தீப்பிடிக்காமல் இருக்கப் போடுகிற மருந்து நல்லதுதானே சேகரு? அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

சேகர் சித்தப்பா: அக்கா, அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிறந்தது இல்லை, கலந்து வைத்தது. வருஷக்கணக்கில் மெல்ல வெளியே வந்து வீட்டுத் தூசியில் சேரும். பழைய மானிட்டர்களில் போட்ட வகை தாய்ப்பாலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் கொளுத்தினால் டையாக்சின் போன்ற விஷம் உருவாகும்.

சேகர் சித்தப்பா: லேபில் எக்ஸ்கதிர் துப்பாக்கியைக் கூட்டின் மேல் வைத்தால் சில நொடியில் புரோமின் இவ்வளவு என்று காட்டிவிடும். ஆனால் அது தடை செய்த புரோமினா, அனுமதித்த புரோமினா என்று அதற்குத் தெரியாது. அப்புறம் ஒரு துண்டை வெட்டி, கரைத்து, வேறு கருவியில் ஓட்டினால்தான் பெயர் தெரியும். அதனால்தான் சொந்த உறுதிமொழியை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. இந்த இரண்டாவது வேலைக்குப் பணமும் நேரமும் ஆகும்.

முரளி: வீட்டில் இருக்கிற மானிட்டரில் எது போட்டிருக்கிறது என்று நாமே பார்க்க வழி உண்டா?

சேகர் சித்தப்பா: ஓரளவு உண்டு. பின் மூடியின் உள்பக்கத்தில், சில சமயம் ஸ்டாண்டின் அடியில், பிளாஸ்டிக்கிலேயே அச்சாக இருக்கும்: பி.சி.+ஏ.பி.எஸ். என்று பிளாஸ்டிக்கின் வகை, அதன் பக்கத்தில் எஃப்.ஆர். (40). எஃப்.ஆர். என்றால் தீத்தடுப்பான். 40 என்றால் ஹாலஜன் இல்லாத பாஸ்பரஸ் வகை. 16, 17 என்றிருந்தால் புரோமின். மூடியைக் கழற்றாதே, வெளியே தெரிந்தால் பார்.

கவிதா: என் பழைய எல்.சி.டி.யின் பின்னால் வட்டத்துக்குள் எச்.ஜி. என்று இருக்கிறது. விளக்கில் பாதரசம் உண்டு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறான். பயப்பட வேண்டுமா?

சேகர் சித்தப்பா: உடையாதவரை ஒன்றும் இல்லை, கவிதா. திரைக்குப் பின்னால் பென்சிலை விட மெல்லிய ட்யூப்லைட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம்தான். எல்.இ.டி. வந்த பிறகு அந்தப் பாதரசம் போய்விட்டது. தப்பித்தவறி விளக்கு உடைந்தால் ஜன்னலைத் திற, வேக்வம் கிளீனர் போடாதே, ஈரக் காகிதத்தால் துடைத்து மூடிய டப்பாவில் போடு.

கோமதி அத்தை: சேகரு, பரண் மேல் அந்தப் பெரிய டப்பா மானிட்டர் இருக்கிறதே, பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்துவிடவா?

சேகர் சித்தப்பா: வேண்டாம் அக்கா! அவருக்கு அதில் வேண்டியது கழுத்துப் பக்கம் சுற்றியிருக்கிற செம்பு. கழுத்தை ஒரு தட்டு தட்டுவார், செம்பை உருவுவார், கண்ணாடியை எங்கேயோ கொட்டுவார். எக்ஸ்கதிர் வெளியே வராமல் இருக்க அந்தப் பின்கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்ஸைடு கலந்திருப்பார்கள். பெரிய திரை என்றால் கிலோக்கணக்கில் ஈயம்.

கோமதி அத்தை: ஐயோ, அது இத்தனை வருஷமாகப் பரணில் இருக்கிறதே! பிள்ளைகள் கீழே படுக்கிறார்கள்.

சேகர் சித்தப்பா: கவலைப்படாதீர்கள், ஈயம் கண்ணாடியோடு இறுகிப்போயிருக்கிறது. முழுசாக இருக்கிறவரை வெளியே வராது. நொறுங்கிக் குப்பைமேட்டில் கிடந்தால்தான் மண்ணுக்கும் தண்ணீருக்கும் இறங்கும். பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: கண்ணாடியை எங்கே அனுப்புகிறீர்கள்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். யாரும் மூடியைத் திறக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கிற குழாயில் வெற்றிடம், அடிபட்டால் கண்ணாடி வெடித்துச் சிதறும்.

முரளி: சித்தப்பா, டி.சி.ஓ. தளத்தில் முதல் மாடலைத் தேடினேன், வரவில்லை. பெயர் அதேதான், கடைசியில் ஒரு எழுத்து மட்டும் வேறாக இருக்கிற மாடல் பட்டியலில் இருக்கிறது.

சேகர் சித்தப்பா: அந்த எழுத்துதான் விஷயம். ஸ்டாண்டு மட்டும் வேறா, பேனலே வேறா என்று வெளியிலிருந்து தெரியாது. சான்றிதழ் எந்த மாடல் எண்ணுக்கோ அதற்கு மட்டும்தான். பெட்டியில் முத்திரை அச்சிட்டிருந்தாலும் பட்டியலில் இல்லையென்றால் விற்கிறவரிடம் சான்றிதழ் எண்ணைக் கேள். காட்டவில்லை என்றால் அடுத்ததைப் பார்.

முரளி: இரண்டாவது மாடல் ஈபீட் பட்டியலில் எழுத்து பிசகாமல் இருக்கிறது.

சேகர் சித்தப்பா: அதிலும் ஒரு பாகத்துக்கு 10 போட்டிருக்கிறானே, எந்தப் பாகம் என்று கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் இருக்கும். பார்த்துச் சொல்.

முரளி: உலோகப் பாகம், சர்க்யூட் போர்டு இரண்டிலும் ஈயம் என்று இருக்கிறது. மற்றதில் எதுவும் இல்லை.

சேகர் சித்தப்பா: வழக்கமானதுதான். எஃகு, பித்தளைக் கலவையில் கொஞ்சம் ஈயத்துக்கு விதிவிலக்கு உண்டு. தாராளமாக வாங்கு.

தாமரை: நன்றி தாத்தா ❤️

கோமதி அத்தை: அந்த டப்பாவைப் பரணிலிருந்து யார் இறக்குவது? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராவது வாருங்கள்.

ராஜு மாமா: என் முதுகைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.