“கேள்வி வடிவில் உள்ளதால் வழங்க இயலாது”: இந்தப் பதிலுக்கு அடுத்து என்ன செய்யலாம்?

ஏரிக்கரைவாசி (கேள்வி):

எங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது. இது தொடர்பாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்ட அளவிலான ஓர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையுடன் மனு அனுப்பினேன். கால்வாயை அளந்த நில அளவை அறிக்கையும் அதன் இணைப்புகளும் வேண்டும். ஊர் மக்கள் 2019-இல் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஆக்கிரமித்திருப்பவர்கள் யார் எனத் தெரிவிக்க வேண்டும். இதுவரை ஏன் அகற்றவில்லை என்பதற்குப் பதில் வேண்டும். இந்த நான்கு இனங்களைத்தான் கேட்டிருந்தேன்.

ஒப்புகை அட்டையில் உள்ள தேதியிலிருந்து 41-ஆம் நாள் பதில் வந்தது. ந.க. எண், பொருள், பார்வை எல்லாம் முறையாக இருந்தன. முதல் இனத்துக்கு 48 பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 96 ரூபாய் செலுத்தினால் நகல் தரப்படும் என்றும், இரண்டாவது இனத்துக்கு உரிய கோப்பு கிடைக்கப்பெறவில்லை என்றும், மூன்றாவது இனம் 8(1)(ஜே) பிரிவின்படி தனிநபர் தகவல் என்றும், நான்காவது இனம் கேள்வி வடிவில் இருப்பதால் வழங்க இயலாது என்றும் நான்கே வரிகளில் முடித்துவிட்டார்கள். தகவல் ஆணையத்துக்கு நேராகப் புகார் அனுப்பிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பழைய கண்காணிப்பாளர்:

இத்தகைய பதில்களைத் தயாரித்துக் கையொப்பத்துக்கு வைக்கும் இருக்கையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான்காவது இனத்துக்கு வந்த பதில், சொல்லிய விதம் முரட்டுத்தனமாக இருந்தாலும், சட்டப்படி பெரும்பாலும் நிற்கும். அலுவலகத்தின் வசம் ஏற்கெனவே பதிவாக இருப்பதைத்தான் கேட்டுப் பெற முடியும். அலுவலர் புதிதாக ஊகித்தோ விளக்கம் எழுதியோ தர வேண்டியதில்லை என்று விடைத்தாள் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. “ஏன் அகற்றவில்லை” என்ற கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் பதில் இருக்காது. ஆனால் அகற்றாமல் விட்டதற்கான தடயம் காகிதத்தில் இருக்கும். ஆகவே காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்கீழ் இந்தக் கால்வாய்ப் புறம்போக்கு தொடர்பாக வழங்கப்பட்ட அறிவிப்புகளின் நகல், ஆக்கிரமிப்பைப் பதிவுசெய்து கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த பி-மெமோக்களின் நகல், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் என்று எழுதினால், இருந்தால் தந்தாக வேண்டும், இல்லையென்றால் “வழங்கப்படவில்லை” என்று எழுதித்தர வேண்டும். அறிவிப்பே வழங்கப்படவில்லை என்று அலுவலகமே கையொப்பமிட்டுத் தரும் ஒரு வரி, உங்களுடைய “ஏன்” என்ற கேள்விக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான பதிலாக இருக்கும்.

கோப்பு கிடைக்கவில்லை என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வந்த தபால் ஒவ்வொன்றும் உரிய எழுத்தரின் தன்பதிவேட்டில் எண்ணிட்டு ஏறும். அது எந்த நாளில் எங்கே போயிற்று, எப்படி முடிக்கப்பட்டது என்பதும் அங்கேயே எழுதப்படும். கோப்பை முடிக்கும்போதே எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்கான குறியீடும் இடப்படும். எனவே 2019-ஆம் ஆண்டுத் தன்பதிவேட்டில் அந்த மனு ஏறிய பக்கத்தின் நகலையும், கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பதற்கான ஆணையின் நகலையும் கேளுங்கள். கோப்பு காணவில்லை என்பது சட்டத்தில் சொல்லப்பட்ட விலக்குகளில் ஒன்றல்ல. தேடிப் பார்த்து, தேவையானால் விசாரணை நடத்திப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியிருக்கிறது. எங்கள் காலத்தில் காணாமற்போன கோப்புகளில் பாதி, தன்பதிவேட்டு நகலைக் கேட்டு மனு வந்த மறுவாரமே அலமாரியின் அடித்தட்டிலிருந்து கிடைத்துவிடும்.

மேல்முறையீட்டாளன்:

மேலே ஐயா சொன்னவற்றோடு இரண்டு திருத்தங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, அந்த 96 ரூபாயைக் கட்டாதீர்கள். முப்பது நாள் கெடுவைத் தாண்டிய பிறகு தரும் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்கிறது. கெடுவுக்குள் கட்டணக் கடிதம் வந்திருந்தால், கடிதம் அனுப்பிய நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள் கணக்கில் சேரமாட்டா. உங்களுக்கு வந்ததோ 41-ஆம் நாள். தொகை சிறியதுதான், ஆனால் கட்டிவிட்டால் தாமதத்தை நீங்களே மன்னித்ததுபோல் ஆகிவிடும்.

இரண்டாவது, ஆணையத்துக்கு நேராகப் புகார் என்ற எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 18-ஆம் பிரிவின்கீழ் வரும் புகாரில் அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரும்படி ஆணையிட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தகவல் கைக்கு வர வேண்டுமானால் 19-ஆம் பிரிவுதான் வழி. பதில் கிடைத்த முப்பது நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவர் முப்பது நாட்களில், காரணம் எழுதினால் 45 நாட்களில், முடிவு சொல்ல வேண்டும். அதன்பின் தொண்ணூறு நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மறுத்தது சரி என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு 19(5) பிரிவின்படி அலுவலரைச் சேர்ந்தது என்பதை மனுவில் ஒரு வரி எழுதுங்கள். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. முதல் மேல்முறையீட்டில் அதைக் கேட்டு இடத்தை வீணாக்க வேண்டாம்.

8(1)(ஜே) பற்றிக் கொஞ்சம் கவலைதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 அந்த உட்பிரிவைத் திருத்தி, அதற்குள்ளேயே இருந்த பொதுநலன் வாசகத்தை நீக்கிவிட்டது. ஆயினும் 8(2) பிரிவு தொடப்படவில்லை: பொதுநலன், காப்பாற்றப்படும் நலனைவிட மேலோங்கினால் தகவலைத் தரலாம். நீர்வரத்துப் புறம்போக்கு பொதுச்சொத்து என்பதை அங்கே வாதமாக வையுங்கள். அதுவும் எடுபடாவிட்டால், பெயர்களை மறைத்து எஞ்சிய பகுதியைத் தருமாறு 10-ஆம் பிரிவின்படி கேட்கலாம். புல எண்ணும் பரப்பும் கிடைத்தாலே உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்துவிடும் அல்லவா?

ஏரிக்கரைவாசி:

இருவருக்கும் நன்றி. கேள்விக்குறி போட்டதுதான் என் பிழை என்பது இப்போது விளங்குகிறது. முதல் மேல்முறையீட்டையும், காகிதங்களின் பெயர் சொல்லித் தனியாக ஒரு புதிய மனுவையும் இந்த வாரமே அனுப்புகிறேன். புதிய மனுவில் கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாமா? போனால் வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

பழைய கண்காணிப்பாளர்:

கட்டாயம் கேளுங்கள். பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் 2(ஜே) பிரிவில் சொல்லப்பட்ட உரிமைதான். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. நாளையும் நேரத்தையும் எழுத்தில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொண்டு, அந்தக் கடிதத்தோடு போங்கள். கோப்பில் குறிப்புப் பகுதியும் கடிதப் பகுதியும் தனித்தனியே பக்க எண்ணிடப்பட்டிருக்கும். பலர் கடிதப் பகுதியை மட்டும் புரட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். முடிவு எடுத்த கதை முழுவதும் குறிப்புப் பகுதியில், எழுத்தர் தொடங்கி அலுவலர் வரை இட்ட கையொப்பங்களோடு இருக்கும். முதலில் பக்க எண்களை வரிசையாகப் பாருங்கள். இடையில் எண் தாவியிருந்தால், எந்த எண்கள் இல்லை என்பதை வெள்ளைத்தாளில் எழுதி, நகல் வேண்டிய பக்கங்களின் எண்களையும் அதன்கீழே குறித்து, அங்கேயே கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொண்ட பிறகே இருக்கையை விட்டு எழுந்திருங்கள்.