டிப்ளமோ முடித்து, அப்புறம் டிகிரியும் படித்த நர்ஸ்கள்: வார்டில் என்ன மாறியது?

மதுரையில் இருந்து:

ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து 11 வருஷம் வார்டில் வேலை பார்த்த பிறகுதான் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி சேர்ந்தேன், டிப்ளமோ நர்ஸ்கள் டிகிரி வாங்கும் 2 வருஷப் படிப்பு. அதற்கு முன்னால் "டிகிரி நர்ஸ் வேற, டிப்ளமோ நர்ஸ் வேற" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பி.எஸ்சி முடித்து வருகிற பிள்ளைகளுக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைக்க நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கைவேலையில் ஜிஎன்எம் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்று மாறியது. எங்கள் வார்டு சார்ட்டில் எல்லா நோயாளிக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றுதான் இருக்கும். யாரும் எண்ணுவதில்லை, நானும் எண்ணியதில்லை. பிபி, பல்ஸ், ஜுரம் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். நோயாளி மோசமாகும்போது பிபி இறங்குவதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே பெரும்பாலும் மூச்சு வேகமாகிவிடும், உடம்பு உள்ளே சமாளித்துக்கொண்டிருக்கும் என்பதை ஏன், எப்படி என்று காரணத்தோடு படித்தது அந்த 2 வருஷத்தில்தான்.

திரும்பி வந்த மூன்றாவது மாதம், நைட் டூட்டி. குடல் ஆபரேஷன் ஆகி நாலாவது நாளில் இருந்த ஒரு அம்மா, "நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர், கொஞ்சம் அசதியா இருக்கு" என்றார். பிபி 110/70. ஒரு நிமிஷம் நின்று எண்ணினேன், 30. டூட்டி டாக்டருக்கு போன் போட்டு, "மூச்சு 30, பிபி இன்னும் இறங்கவில்லை, செப்சிஸ் (கிருமித் தொற்றால் உடம்பு முழுக்கப் பாதிப்பு) என்று சந்தேகமாக இருக்கிறது, உடனே வாங்க சார்" என்றேன். பழைய நான் என்றால் "பேஷண்ட் அசதியா இருக்காங்க" என்று சொல்லியிருப்பேன், அவரும் காலையில் பார்க்கலாம் என்றிருப்பார். குடலில் போட்ட தையல் விட்டிருந்தது. விடிவதற்குள் மறுபடி தியேட்டர். அந்த அம்மா பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார்.

சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, அதே ஸ்டாஃப் நர்ஸ் பதவிதான்.

சேலத்தில் இருந்து:

சிஸ்டர், என் கதை அப்படியே தலைகீழ். எம்.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு ஐசியுவில்தான் வேலை வேண்டும் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். "எம்.எஸ்சிக்கு இங்கே போஸ்ட் இல்லம்மா, காலேஜ்ல கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது 6 வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளை கிளினிக்கல் போஸ்டிங் கூட்டிப்போகும் நாட்களில் மட்டும்தான் நோயாளி முகம் பார்க்கிறேன். அதிகம் படித்தால் கட்டிலை விட்டுத் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கிலாந்தில் இருந்து:

அக்கா, நீங்கள் எண்ணிய அந்த 30-க்கு இங்கே நியூஸ் ஸ்கோரில் (மூச்சு, பிபி, பல்ஸ் எல்லாம் பார்த்து நோயாளி மோசமாகிறாரா என்று மார்க் போடும் முறை) ஒரேயடியாக 3 மார்க். அது ஒன்றே போதும், டாக்டரை உடனே கூப்பிட்டாக வேண்டும், யாரும் கேள்வி கேட்க முடியாது. இங்கே 2013-ல் இருந்து புதிதாக நர்சிங் சேருகிறவர்களுக்கு டிகிரிதான், டிப்ளமோ கிடையாது. மாஸ்டர்ஸ் முடித்த நர்ஸ் ப்ராக்டிஷனர் எங்கள் வார்டிலேயே நிற்கிறார், நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதுகிறார். சேலம் சிஸ்டர் தேடிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்கன் குழு 9 ஐரோப்பிய நாடுகளில் எடுத்த ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நர்ஸ்களில் டிகிரி படித்தவர்கள் 100-க்கு 10 பேர் கூடினால், ஆபரேஷன் ஆன நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறதாம். ஆனால் அதே ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. படிப்பு கொடுத்ததை ஆள் பற்றாக்குறை அப்படியே பிடுங்கிக்கொள்ளும். டிகிரியை மட்டும் கட்டாயமாக்கிவிட்டு வார்டில் ஆள் போடாமல் விட்டால் என்ன பிரயோஜனம்?

மறுபடி மதுரையில் இருந்து:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நேற்று நைட்டில் 26 பேருக்கு நாங்கள் 2 பேர். ஆபரேஷன் ஆன 7 பேருக்கு மட்டும் நின்று மூச்சு எண்ணினேன். மற்ற 19 பேர் சார்ட்டில் பழையபடி 20 என்றுதான் எழுதியிருக்கிறது.