95க்கும் 92க்கும் ரெண்டு டியூன்: கைக்கருவியில சேமிக்கிறது, மாத்துறது

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். வாகனம் 2007 சுபாரு இம்ப்ரேசா டபிள்யூஆர்எக்ஸ், யூகே இறக்குமதி, 2.5 டர்போ, மெனுவல் கியர். பின் எக்ஸோஸ்ட் மட்டும் மாத்தினது, மற்றதெல்லாம் கொம்பனிச் சாமான். ஓபிடி எண்ட சோதனைச் சொக்கெட்டில குத்துற கையடக்க டியூனர் இருக்கு. ரோலரில (சக்தி அளக்கிற மெசினில) வச்சு எழுதின ரெண்டு டியூன், அதாவது ஈசியு எண்ட இஞ்சின் கொம்பியூட்டருக்கான கட்டளை ஃபைல், அதுக்குள்ள கிடக்கு, ஒண்டு 95 ஒக்டேன் பெற்றோலுக்கு, மற்றது 92க்கு. மட்டக்களப்பில எல்லா பெற்றோல் செட்டிலயும் எல்லா நாளும் 95 கிடைக்காது எண்டபடியால்தான் ரெண்டு.

தெரியாதது இதுகள். 92 அடிக்க முந்தி டியூனை மாத்துறதா, அடிச்ச பிறகா? செட்டில நிண்டுகொண்டே மாத்தலாமா? கொம்பனி போட்டுத் தந்த ஸ்டொக் ஃபைலை எங்க, எப்பிடிப் பத்திரப்படுத்துறது? மாத்தின பிறகு ரெண்டு நாளைக்கு ஐட்லிங் ஏறி இறங்குது, இழுவையும் காணாது, அது டியூனில பிழையா? கடைசியா ஒருக்கா மாத்தேக்க பாதியில நிண்டு வோல்டேஜ் குறைவு எண்டு காட்டிச்சு, திருப்பிக் குடுத்தோடன ஏறிற்று. அதையும் பாக்கணுமா?

ஏறாவூர் பொக்ஸர்:

தம்பி, முதல் கேள்விதான் இஞ்சினைக் காப்பாத்துற கேள்வி, அதை முதல்ல சொல்றன்.

92க்கு இறங்கேக்க டியூன் முந்தி, பெற்றோல் பிந்தி. 95க்கு ஏறேக்க பெற்றோல் முந்தி, டியூன் பிந்தி. 92 டியூனில 95 ஓடினா ஒரு கெடுதியும் இல்ல, கொஞ்சம் சக்தி வீண், அவ்வளவுதான். 95 டியூனில 92 ஓடினா இஞ்சின் தட்டும் (நொக்), அதாவது பெற்றோல் கட்டுப்பாடில்லாமத் தானா வெடிக்கும். டர்போ இஞ்சினில அந்தத் தட்டல் பிஸ்டனில ரிங் நிக்கிற விளிம்பை உடைக்கும். உங்கட 2.5இல அதுதான் முதல்ல போற இடம்.

கணக்கைப் பாருங்க. உங்கட டேங்க் 60 லீற்றர். 15 லீற்றர் 95 கிடக்கேக்க 45 லீற்றர் 92 அடிச்சா கலவை ஏறக்குறைய 92.75. மிச்சம் கிடந்த 95ஆல ஒரு பிரயோசனமும் இல்ல, அது 92 எண்டே வச்சுக்கொள்ளுங்க. மறுபக்கம், 15 லீற்றர் 92க்கு மேல 45 லீற்றர் 95 அடிச்சா 94.25. அது இன்னும் 95 இல்ல. திரும்ப 15 லீற்றர் வரைக்கும் ஓடி மறுகா 45 லீற்றர் 95 அடிச்சாத்தான் 94.8 வரும். அதனால ரெண்டாவது டேங்கிலதான் 95 டியூனை ஏத்துங்க. அரை டேங்கில அடிக்கிற பழக்கம் இருந்தா நாலு தரம் பிடிக்கும்.

செட்டில நிண்டு மாத்துறதைக் கனவிலயும் நினையாதீங்க. பின்னால ஹோர்ன் அடிக்கிறான் எண்டு அவசரத்தில வயரை இழுத்தா ஈசியு அரைகுறையா நிக்கும், பிறகு ட்ரக்கில ஏத்தித்தான் வீட்ட கொண்டு போகணும். 95 கிடைக்குமோ எண்ட சந்தேகத்தில வெளிக்கிடுறதா இருந்தா வீட்டிலயே 92 டியூனைப் போட்டிட்டு வெளிக்கிடுங்க.

வோல்டேஜ் பிரச்சினை பெரும்பாலும் பச்சைச் சோடியால. உங்கட மொடலில டாஷ்போர்டுக்குக் கீழ வயர்க் கட்டோட தொங்குற பச்சை டெஸ்ட் கனெக்டர் ரெண்டையும் பூட்டினாத்தான் எழுத விடும். பூட்டிச் சாவியை ஒன் பண்ணினோடன ரேடியேட்டர் ஃபேன் போட்டுப் போட்டு நிக்கும், பெற்றோல் பம்ப் டிக் டிக் எண்டும், செக் இஞ்சின் லைட் மின்னும். அது பழுது இல்ல, டெஸ்ட் மோட் அப்பிடித்தான். ஆனா அந்த ஃபேனும் பம்பும் எழுதி முடியும் வரைக்கும் பெட்டரியைத்தான் தின்னுது. ரெண்டு மூணு வருசப் பெட்டரி ஒரு தரம் தாங்கும், பிழைச்சு ரெண்டாந்தரம் குடுக்கேக்க கையை விரிச்சிரும்.

சாவி போட முந்தி மீற்றரில 12.5க்குக் குறைஞ்சா தொடங்காதீங்க. சாவி ஒன் பண்ணின பிறகு 12க்குக் கீழ விழுந்தா முதல்ல சார்ஜ். எழுதுற நேரம் சார்ஜர் பூட்டி வைக்கிறது நல்லம், ஆனா வோல்டேஜை ஒரே அளவில வச்சிருக்கிற சார்ஜரா இருக்கணும். கராஜில கிடக்கிற பழைய ட்ரான்ஸ்ஃபோமர் பெட்டி சரிவராது, அதில வாற அலையாலயே எழுத்துப் பிழைக்கும். ஓடுற இன்னொரு வாகனத்தில இருந்து ஜம்பர் வயர் குடுக்கிறதும் வேண்டாம். ஏசி, ரேடியோ, லைட், போன் சார்ஜர் எல்லாம் ஓஃப். ஓபிடியில ப்ளூடூத் டொங்கிள் எதுவும் ஸ்ப்ளிட்டரில தொங்கினா கழட்டுங்க. கதவைத் திறந்து திறந்து பூட்டவும் வேண்டாம்.

பாதியில நிண்டா வயரை இழுக்காதீங்க, பெட்டரி டெர்மினலில கை வைக்காதீங்க. திரையில வாற பிழை எண்ணைப் போனில படம் எடுத்துக்கொண்டு, அது சொல்லுற வரிசையை மட்டும் செய்யுங்க. எழுதுற பகுதி பிழைச்சாலும் ஈசியுவைத் தட்டி எழுப்புற சின்னப் பகுதி பெரும்பாலும் உயிரோடதான் இருக்கும், திருப்பி எழுதினா எழும்பும். முடிஞ்சோடன பச்சைச் சோடியைக் கழட்ட மறக்கக் கூடாது. மறந்தா ரோட்டில ஃபேன் போட்டு நிக்கும், லைட் மின்னும், "டியூன் பழுது" எண்டு எழுதினவரோட சண்டைக்குப் போவீங்க.

கல்முனைக் காக்கா:

ஃபைல் பக்கத்தை நான் சொல்றன்.

கருவியை முதல் தரம் பூட்டேக்க அது ஈசியுவில கிடக்கிற ஸ்டொக்கை வாசிச்சுத் தனக்குள்ள வச்சுக்கொண்டு, அந்தக் காரோட பூட்டுப்படும். அக்செஸ்போர்ட், எஸ்சிடி எக்ஸ்4 எல்லாம் அப்பிடித்தான். ஆக்கள் இதைக் "கலியாணம்" எண்டுதான் சொல்லுவாங்க. கழட்டாம வேற காருக்குக் குத்தினா எழுத விடாது. கருவி கடலுக்க விழுந்தா, களவு போனா, ஸ்டொக்கும் அதோட போயிரும். பூட்டின அண்டைக்கே யூஎஸ்பியால லப்டொப்பில ஒரு பிரதி, பென் ட்ரைவில ஒண்டு, உங்கட மெயிலுக்கு ஒண்டு. கருவியின்ட சீரியல் இலக்கத்தையும் ஈசியுவுக்குள்ள கிடக்கிற புரோகிராமின்ட (ரோம்) இலக்கத்தையும் அதோட எழுதி வைங்க, உதவி கேக்கிற இடத்தில முதல் கேள்வியே அதுதான். சில கருவியில ஸ்டொக் பூட்டின ஃபைலாத்தான் வெளிய வரும், திறந்து பாக்க ஏலாது. அது காரியமில்ல, திருப்பி ஏத்தத்தான் பிரதி.

இன்னொருத்தர்ட "இதே கார்" ஸ்டொக்கை வாங்கிப் போடாதீங்க. 2007 எண்டாலும் நாட்டுக்கு நாடு, கியர்பொக்ஸுக்குக் கியர்பொக்ஸ் ரோம் வேற. ஒத்து வராட்டிக் கருவி மறுக்கும், அது நல்லதுக்குத்தான். மறுப்பைச் சுத்திப் போக வழி தேடுறதுதான் ஈசியு சாகிற வழி.

பேர் வைக்கிறதில கவனம். திரை சின்னன், முதல் எழுத்து ஏழெட்டுத்தான் கண்ணில படும். "புதுசு", "கடைசி", "கடைசி சரியானது" எண்டெல்லாம் வச்சா ராவையில தப்பைத்தான் அமத்துவீங்க. பெற்றோல் முன்னுக்கு, மறுகா பூஸ்ட் (டர்போ குடுக்கிற காத்தழுத்தம்), கடைசியில திருத்த எண். 92-12-04 எண்டா 92 பெற்றோல், 12 பிஎஸ்ஐ, நாலாந் திருத்தம். 95-15-03 எண்டா மற்றது. ஸ்டொக்குக்கு 00. கருவிக்குள்ள இந்த மூண்டுக்கு மேல ஒண்டும் வேண்டாம், பத்து ஃபைல் வைக்க இடம் இருக்கெண்டதுக்காகப் பத்தும் வைக்கணுமெண்டில்ல. பழைய திருத்தம் எல்லாம் லப்டொப்பில கிடக்கட்டும்.

எந்த டியூன் எந்தச் சாமானுக்கு எழுதினது எண்டு ஒரு வரி பக்கத்தில வேணும். பின்னுக்கு இன்டேக் பைப் மாத்தினா எயார் சென்சர் காத்தைத் தப்பா அளக்கும், 25 வீதம் பெரிய இன்ஜெக்டர் போட்டா அதே நேரத்தில 25 வீதம் கூடப் பெற்றோல் ஊத்தும். அண்டையில இருந்து மூண்டு ஃபைலுமே செல்லாது, ஸ்டொக்கும் சேர்த்து.

காரை விக்க முந்தியும், வேற கராஜில ஈசியு அப்டேட் செய்ய முந்தியும் கருவியில "அன்இன்ஸ்டோல்" குடுத்து ஸ்டொக்குக்குப் போங்க. அவங்க மேலால எழுதிட்டா கருவி தன்ட காரை அடையாளம் காணாது. புகைப் பரிசோதனைக்குப் போறதெண்டாலும் ஸ்டொக்கைப் போட்டு, இஞ்சின் நல்லாச் சூடாகின பிறகு போங்க. பூஸ்டுக்காகச் செறிவா எழுதின டியூன் சில நேரம் ஐட்லிங்கிலயும் காபன் மொனொக்சைட்டைக் கூட்டிக் காட்டும்.

கச்சான் காலம்:

காக்கா சொன்னதில ஒரு திருத்தம். புகைக்கு ஸ்டொக் சரி. ஆனா "ஸ்டொக் எண்டா எப்பவும் பாதுகாப்பு" எண்டு தம்பி விளங்கிக்கொள்ளப் படாது. யூகேயில பம்பில விக்கிற சாதாரணப் பெற்றோலே 95. அந்த நாட்டுக் காரின்ட ஸ்டொக் ஃபைல் 95ஐ நினைச்சு எழுதினது. 92 கிடக்கிற டேங்குக்குப் பாதுகாப்பான ஃபைல் 92-12-04தான், 00 இல்ல. சந்தேகம் வந்தா 92க்கு இறங்குங்க.

இப்ப ஐட்லிங் கதை. எழுதினோடன ஈசியு இதுவரை படிச்சதெல்லாத்தையும் மறந்திரும்: ஐட்லிங் காத்து, நீண்டகால ஃப்யூல் ட்ரிம் (பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற வீதம்), நொக் படிப்பு. டியூனில பிழை இல்ல. எழுதி முடிச்சுச் சாவியை ஓஃப் பண்ணி அரை நிமிசம் விட்டு, ஸ்டார்ட் பண்ணி, காலை அக்சிலரேட்டரில வைக்காம பத்து நிமிசம் சும்மா ஓட விடுங்க. பிறகு ஏசி போட்டு அஞ்சு நிமிசம். ஏறி இறங்குறது பாதிக்கு மேல அடங்கிரும்.

இழுவை குறையிறதுக்குக் காரணம் வேற. சுபாருவில இக்னிஷன் அட்வான்ஸுக்கு (தீப்பொறியை முந்தி அடிக்கிற அளவுக்கு) ஒரு பெருக்கி இருக்கு, கருவியில டிஏஎம் அல்லது ஐஏஎம் எண்டு காட்டும். சில ரோமில உச்சம் 1, சிலதில 16. எழுதினோடன பாதியில இருந்துதான் தொடங்கும், தட்டல் கேக்காட்டிப் படிப்படியா ஏறும். ஆனா காத்தான்குடிப் பிரதான வீதியில ஊர்ந்தா ஏறாது, அதுக்கு ஒரு அளவு லோட் வேணும். திருகோணமலை ரோட்டில சனம் குறைஞ்ச இடத்தில மூண்டாம் கியரில 2,500இல இருந்து 3,000 வரை அரை மிதியில ஏத்தி, விட்டு, திரும்ப ஏத்துங்க. வேகம் 60, 70க்குள்ளதான் நிக்கும். முழு மிதி இழுவை பாக்கிறதெண்டா ரோலருக்குப் போங்க, மூண்டாம் கியரில சிவப்புக் கோடு வரை இழுத்தா 140ஐத் தாண்டும், ரோட்டு எல்லை 70.

மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற நாளில 95 கிடந்தாலும் பகலில 92 டியூன் நல்லம். உங்கட காரில காத்து வெப்பம் அளக்கிற சென்சர் எயார் மீற்றருக்குள்ள, டர்போவுக்கு முந்தி இருக்கு. இன்டர்கூலர் இஞ்சினுக்கு மேல கிடந்து வேகிறது ஈசியுவுக்குத் தெரியாது. ட்ரஃபிக்கில கால்மணி நிண்டு வெளிக்கிட்டோடன மிதிச்சா, அந்த முதல் இழுவையிலதான் தட்டும்.

அம்பாறை பிக்கப்:

இடையில வாறதுக்கு மன்னிக்கணும். டீசல் பிக்கப்புக்கும் இந்த முந்திப் பிந்திக் கணக்கு இருக்கா? நெல் மூடை ஏத்த ஒரு டியூன், வெறுமையா ஓட ஒண்டு வச்சிருக்கிறன்.

ஏறாவூர் பொக்ஸர்:

ஒக்டேன் கணக்கு டீசலுக்கு இல்ல, அது பெற்றோலுக்கு மட்டும். உங்களுக்கு எதிரி வெப்பம். சக்தி டியூனில மூடை ஏத்தி மகாஓயாப் பக்கம் ஏறினா டர்போவுக்கு முன்னுக்குப் புகைச் சூடு ஏறிக்கொண்டே போகும். மீற்றர் பூட்டி 700 பாகை செல்சியஸுக்கு மேல நீடிக்க விடாதீங்க. லோட் ஏத்த முந்தி மெல்லிய டியூனுக்கு இறங்கிறது, இறக்கின பிறகு ஏறுறது. வரிசை அதேதான், பெற்றோலுக்குப் பதிலா மூடை. பெட்டரி விசயம் எல்லாம் ஒண்டுதான்.

வாவிக்கரை:

நன்றி அண்ணன்மார். 92-12-04 ஏத்தி ரெண்டு நாள் ஓடின பிறகு டிஏஎம் 1இல நிக்கிது. ஆனா லொக்கில (கருவி பதிஞ்ச தரவில) ஃபீட்பேக் நொக், அதாவது தட்டல் கேட்டு ஈசியு இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கிற பாகை, இடைக்கிட -1.4 எண்டு வருது, நீண்டகால ட்ரிம் ஐட்லிங்கில +11 வீதம். பயப்பிடணுமா?

கச்சான் காலம்:

-1.4 எண்டது அது பின்னுக்கு இழுக்கிற முதல் படி. கியர் மாத்தேக்க, காலை மெல்ல வைக்கேக்க ஒண்டு ரெண்டு வந்து போனா விடுங்க, தகரம் அதிர்ந்தாலும் சென்சர் அதைத் தட்டல் எண்டுதான் நினைக்கும். பூஸ்டில, ஒரே ஆர்பிஎம்மில, திரும்பத் திரும்ப -2.8 வந்தாத்தான் கதை வேற, அப்ப டிஏஎம்மும் 1இல நிக்காது.

+11 தான் எனக்குப் பிடிக்கல்ல. ஐட்லிங்கில மட்டும் அப்பிடி, ஓட்டத்தில 5க்குள்ள எண்டா அளக்காத காத்து உள்ள போகுது. டர்போவுக்கு முந்தின ரப்பர் குழாயில வெடிப்பு, கிளிப் தளர்வு, வேக்கும் ஹோஸ் கழண்டது, இந்த மூண்டையும் பாருங்க. ஓட்டத்திலயும் +10 எண்டா எயார் மீற்றரைக் கழட்டி அதுக்குரிய ஸ்பிரேயால கழுவுங்க. கார்ப் ஸ்பிரே அடிக்காதீங்க, கம்பியைத் தொடாதீங்க, காய விட்டுத்தான் பூட்டணும். கடற்கரைப் பக்கம் நிக்கிற காருக்கு கனெக்டர் பின்னில பச்சை பிடிச்சிருக்கா எண்டும் பாருங்க. அந்தக் கசிவை அடைக்காம 95 டியூனை ஏத்தாதீங்க, திருத்தின பிறகு ட்ரிம்மை அழிச்சு இன்னொருக்கா லொக் எடுங்க.