எஸ்7 பஞ்ச் தலைக்குக் கீழே உடைகிறது: ஸ்டீல் கோளாறா, ஹீட் ட்ரீட்மென்ட் கோளாறா?

டைமேக்கர் கதிர்: 6 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகட்டில் 14 மி.மீ. ஓட்டை அடிக்கிறோம். முன்பு டி2 ரக டூல் ஸ்டீலில் செய்த பஞ்ச் (ஓட்டை அடிக்கும் கருவி), கடினம் 60 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு). வெட்டுமுனை பொடிப்பொடியாகத் தெறித்தது. அடிதாங்கும் ஸ்டீல் போடச் சொன்னார்கள் என்று எஸ்7-க்கு மாறினோம், 57 எச்ஆர்சி. இப்போது முனை நன்றாக இருக்கிறது, ஆனால் தலைக்குக் கீழே விட்டம் மாறுகிற இடத்தில் பட்டென்று இரண்டாகிறது. பேசாமல் டி2-க்கே திரும்பிவிடலாமா?

பட்டறை மணி: திரும்ப வேண்டாம் தம்பி. டி2-வில் கார்பன் சுமார் 1.5%, குரோமியம் 12%. பெரிய பெரிய கார்பைடு கட்டிகள் (கார்பனும் குரோமியமும் சேர்ந்த கடினத் துகள்கள்) உள்ளே கிடக்கும். உரசலுக்கு அதுதான் பலம், அடிக்கு அதுதான் பலவீனம், விரிசல் அங்கேதான் பிடிக்கும். எஸ்7-இல் கார்பன் 0.5% தான், குரோமியம் 3.25%, மாலிப்டினம் 1.4%. பெரிய கார்பைடு இல்லாததால் அடியைத் தாங்கும். முனை தெறிக்கவில்லை என்கிறீர்களே, ஸ்டீல் தன் வேலையைச் செய்கிறது. விட்டம் மாறுகிற அந்தத் தோள்பட்டை மூலையில் ரேடியஸ் (வளைவு) எவ்வளவு?

டைமேக்கர் கதிர்: ரேடியஸ் என்று தனியாக இல்லை அண்ணே, டூல் முனை விட்டதுதான். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே கிளியரன்ஸ் (இடைவெளி) ஒரு பக்கம் 0.5 மி.மீ.

லேத் செல்வி: கிளியரன்ஸ் சரிதான். ரேடியஸ் குறைந்தது 1.5 மி.மீ. வையுங்கள், பஞ்சைப் பிடித்திருக்கும் பஞ்ச் பிளேட்டிலும் அதற்கேற்ற சேம்பர் (விளிம்புச் சரிவு) வேண்டும், இல்லையென்றால் தலை சரியாக உட்காராது. மூலையில் குறுக்கே ஓடும் டூல் கோடுகளைப் பாலிஷ் போட்டு எடுங்கள். பஞ்ச் உடைவது பெரும்பாலும் தகட்டைத் துளைத்த பிறகு வெளியே இழுக்கும்போதுதான். அந்த இழுவை முழுக்கத் தலைக்கழுத்தில்தான் விழும்.

வைரம்: எச்13 போட்டால் என்ன? அதுவும் நல்ல உறுதியான ஸ்டீல்தானே.

பட்டறை மணி: அது சூட்டு வேலைக்கு. 50 சொச்சம் எச்ஆர்சிக்கு மேல் போகாது, குளிர்ந்த தகட்டில் முனை மழுங்கிவிடும். கதிர், உடைந்த முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் பட்டுப்போல நுண்ணியதாக இருக்கிறதா, சர்க்கரைக் கட்டிபோல மினுமினுக்கிறதா?

டைமேக்கர் கதிர்: மினுமினுக்கிறது! ஹீட் ட்ரீட்மென்ட் ஆளிடம் கேட்டேன். எங்கள் டி2 டை இன்சர்ட்டுகளோடு ஒரே லோடில் வைத்தாராம், 1010 டிகிரி.

பட்டறை மணி: அப்படிப் போடுங்கள். டி2-வுக்கு அது சரியான சூடு. எஸ்7-க்கு 940-ஐ ஒட்டித்தான் வைக்க வேண்டும், 955-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்டீலுக்குள் இருக்கும் கிரெயின் (நுண்மணிகள்) பெருத்துவிடும், அதுதான் அந்த மினுமினுப்பு, லேசாக உடையும். ஹார்ட்னஸ் மீட்டர் இதைக் காட்டாது, 57 என்று பார்த்து நிம்மதியாக இருந்திருப்பீர்கள். எத்தனை பேர் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து பில் பாஸ் பண்ணுகிறார்கள்!

இந்த அளவுக்கு காற்றிலேயே ஆறினால் போதும், எண்ணெய் வேண்டாம். கை பொறுக்கிற சூடு வந்ததும் உடனே டெம்பரிங் (மிதமாகத் திரும்பச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது), 205 முதல் 230 டிகிரிக்குள், இரண்டு தடவை. ‘மீதி நாளைக்கு’ என்று இரவு முழுக்கப் போட்டுவைத்தால் விரிசல் விடும்.

டைமேக்கர் கதிர்: மீதிப் பஞ்சுகளைத் திரும்ப ஹீட் பண்ணிக் காப்பாற்றலாமா?

லேத் செல்வி: நேரடியாகத் திரும்ப ஹார்டன் பண்ணாதீர்கள். முதலில் அனீல் செய்து (சூடாக்கி மென்மையாக்கி) உலையிலேயே மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்குள் மேல்தோலில் கார்பன் எரிந்துபோகும், அளவும் மாறும். கிரைண்டிங் முடித்த பஞ்சில் தோல் எடுக்க மிச்சம் இருக்காது. புதிதாகச் செய்வதே லாபம். வயர்கட்டில் (மின்பொறிக் கம்பியால்) வெட்டுகிறீர்கள் என்றால் மேலே உருகி உறைந்த வெள்ளைத் தோலையும் கல் போட்டு எடுத்துவிடுங்கள், அதுவே விரிசலுக்கு விதை.

வைரம்: என் கேள்வி வேறு. கை உளிக்கும் எஸ்7 தானா?

பட்டறை மணி: எஸ்5 பாருங்கள். சிலிக்கான் 2% வரை இருக்கும், எண்ணெயில் குளிர வைப்பது. உளி, சம்மட்டி வேலைகளுக்குப் பழைய கை அது. ஆனால் சூட்டில் மேல்தோல் கார்பனைச் சீக்கிரம் இழக்கும், அதனால் கொஞ்சம் கூடுதல் தடிமன் விட்டுச் செய்யுங்கள்.

டைமேக்கர் கதிர்: கடைசியாக ஒன்று. எஸ்7-இல் டி2 அளவுக்கு முனை நிற்காதே, பிசிர் சீக்கிரம் வருமே?

லேத் செல்வி: வரும். அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கும். அது தாங்காது என்றால் ஏ2 போட்டுப் பாருங்கள், கார்பன் 1%, குரோமியம் 5%, இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதற்கும் சூடு வேறு, 950-ஐ ஒட்டி. லோடு சீட்டில் ஸ்டீல் பெயரோடு டிகிரியையும் எழுதிக் கொடுங்கள்.