குதிரையேற்ற வகுப்பிலிருந்து கணக்குக்கும் அறிவியலுக்கும் எதை எடுக்கலாம்?

காரிமங்கலம் ஆசிரியை

வணக்கம். எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேரை, ஓசூர் பக்கம் உள்ள ஒரு குதிரையேற்ற மையத்துக்கு நாலு சனிக்கிழமை அழைத்துப் போகிறோம். ஏறி ஒரு சுற்று வந்து போட்டோ எடுப்பதோடு முடியக் கூடாது. கணக்கு, அறிவியல், தமிழ், சமூக அறிவியல் பாடங்களோடு உண்மையிலேயே சேருவது எது? வலிந்து ஒட்டவைப்பது வேண்டாம். குதிரையோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் பயிற்சியாளர்

டீச்சர், முதல் வாரம் யாரையும் ஏற்றாதீர்கள். தையல் டேப்பைக் கையில் கொடுங்கள்.

முதலில் உயரம். குதிரை சமதரையில் நிற்க வேண்டும். கழுத்தும் முதுகும் சேரும் மேடு வரைக்கும்தான் அளவு. தலை ஏறி இறங்கும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. குதிரைக்காரர்கள் உயரத்தை 'ஹேண்ட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம், அதாவது 10.16 செ.மீ. 58 அங்குலக் குதிரையை 4-ஆல் வகுத்துப் பிள்ளைகள் 14.5 என்று எழுதுவார்கள். சரியான விடை 14.2. புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை, மீதி வந்த அங்குலம். 59 என்றால் 14.3, 60 வந்தால் 15.0. மீதிக்கும் தசமத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெளிவாகப் பிடிபடும்.

அடுத்து எடை. முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு. தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு முனை வரை ஒரு நீளம், இரண்டும் செ.மீ.-இல். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் 312 கிலோ. இப்போது வேண்டுமென்றே தப்பாக அளக்கச் சொல்லுங்கள். நீளத்தில் 5 செ.மீ. கூடினால் எடை 11 கிலோதான் ஏறும். சுற்றளவில் அதே 5 செ.மீ. கூடினால் 20 கிலோ ஏறிவிடும். வர்க்கம் என்ன செய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். டேப் வயிற்றுப் பக்கம் சரிந்துவிடுவதுதான் வழக்கமாக வரும் தவறு.

அந்த எடையை வைத்து ஒரு முடிவும் எடுக்க வேண்டும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 312-க்கு 62 கிலோ. சேணம் 8 கிலோ போனால் மிச்சம் 54. யார் ஏறலாம் என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

வடிவியலுக்குப் பயிற்சி மைதானமே போதும். 20 × 40 மீட்டர் செவ்வகம், ஓரங்களில் எழுத்துப் பலகைகள். 20 மீட்டர் வட்டம் போடச் சொன்னால் எல்லோருக்கும் முட்டைதான் வரும். காரணம், மூலையிலிருந்து 6 மீட்டரில் இருக்கும் பலகையை நோக்கியே ஓட்டுவார்கள். வட்டமோ சுவரைத் தொடுவது 10 மீட்டரில், பலகையைத் தாண்டி 4 மீட்டர் தள்ளி. அங்கே ஒரு கூம்பு வையுங்கள். சுற்றளவு 62.8 மீட்டர். மிதமான டிராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) நிமிடத்துக்கு 220 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 17 விநாடி. ஸ்டாப்வாட்சில் 15 காட்டினால், குதிரை வேகமாகப் போனதா, வட்டம் சுருங்கியதா? மணலில் குளம்புத் தடத்தை டேப்பால் அளந்தால் விடை கிடைக்கும்.

கால்நடை மருத்துவர், கிருஷ்ணகிரி

மேலே சொன்னது நல்ல வழி. அறிவியலுக்கு நாடித்துடிப்பை எடுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28–44. இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்க வேண்டும். 'லப்-டப்' இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. தனித்தனியாக எண்ணும் பிள்ளைக்கு 76 வரும், குதிரைக்குக் காய்ச்சல் என்று பயந்துவிடும். டிராட் முடிந்ததும் ஒருமுறை, பிறகு 2 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி வரைபடம் போடுங்கள். லேசான வேலைதான் என்றால் 10–15 நிமிடத்தில் 60-க்குக் கீழே இறங்கிவிடும். இறங்காவிட்டால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு ஓய்வு.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றி, ஈரப்பத சதவீதத்தைக் கூட்ட வேண்டும். 36 டிகிரி என்றால் 96.8, ஈரப்பதம் 60, மொத்தம் 156.8. 150-ஐத் தாண்டினால் நடை மட்டும். 180-ஐ நெருங்கினால் சவாரியே கூடாது.

அழுத்தம் பாடத்துக்குச் சேணத்துக்கு அடியில் போடும் துணியைக் காட்டுங்கள். ஒரு மடிப்பு விழுந்தால், பரந்து விழ வேண்டிய எடை அந்தக் கீற்றின் மேலேயே இறங்கும். முடி தேய்ந்து, வீங்கி, புண்ணாகும். ஒவ்வொரு பிள்ளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே சேணம் ஏற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் கொள்ளு தாராளமாக விளைகிறது, பாசத்தில் பிள்ளைகள் பையோடு கொண்டுவந்துவிடுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பழக்கமில்லாத தானியத்தை அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தாகும், குளம்புக்குள்ளும் அழற்சி வரும். தீவனம் கொடுப்பது பராமரிப்பாளர் மட்டும்தான்.

தகடூர் வாசகர்

தமிழுக்கு: சேணம் கட்டும் முறையை ஒரு குழு எழுதட்டும், இன்னொரு குழு அதை வரி பிசகாமல் மரக்கட்டைத் தாங்கியில் செய்யட்டும். 'வாரை இறுக்கு' என்று எழுதியிருந்தால் எவ்வளவு? வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு. குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால் நாலடி நடத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். விட்டுப்போன சொல் எது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சமூக அறிவியலுக்கு வெளியூர் போக வேண்டாம். ஓசூர் அருகே உள்ள மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். சிலவற்றில் வீரன் குதிரைமேல் இருக்கிறான். கடிவாளம் தெரிகிறதா, அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) இருக்கிறதா, எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். காலைச் சாய்வெயிலில் செதுக்கல் நன்றாகத் தெரியும். தயவுசெய்து சாக்பீஸ், மாவு எதையும் கல்லில் பூசாதீர்கள்.

பாண்டிய நாட்டுக்குக் கடல்வழி வந்த குதிரைகளுக்குச் சோறும் வெந்த இறைச்சியும் கொடுத்தார்கள், லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லை, நிறைய செத்துப்போயின என்று 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். டாக்டர் சொன்ன தீவனச் செய்தியோடு இதை வைத்துப் படிக்கலாம்.

காரிமங்கலம் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. 18 பேர், இரண்டு குதிரை. எப்படிப் பிரிப்பது?

ஓசூர் பயிற்சியாளர்

ஆறு ஆறு பேராக மூன்று குழு. ஒன்று அளவெடுக்க, ஒன்று சவாரிக்கு, ஒன்று நேரம் குறிக்க. 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சவாரிக் குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும், குதிரையைப் பயிற்சியாளர் பிடித்திருக்க வேண்டும். அளவெடுக்கும் குதிரையைப் பராமரிப்பாளர் பிடிக்கட்டும். அணுகுவது இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே. நேர் பின்னால் நிற்பது குதிரைக்குத் தெரியாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சிறிய குதிகால் வைத்த மூடிய ஷூ, தாடைப் பட்டை போட்ட ஹெல்மெட் கட்டாயம். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பெற்றோரிடம் முதல் வாரத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.