கால்சியம் சேனல் எப்படி ஆள் பார்த்து உள்ளே விடுகிறது?

செல் சவ்வில் கால்சியம் அயனிகளை உள்ளே விடும் புரத வழிகளான கால்சியம் சேனல்களைப் பற்றிப் படிக்கும்போது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். சோடியம் அயனியும் கால்சியம் அயனியும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். செல்லுக்கு வெளியே சோடியம் பல மடங்கு அதிகம். இருந்தும் மின்னழுத்தத்தால் திறக்கும் சேனல் கால்சியத்தைத்தான் பொறுக்கி எடுக்கிறது. சேனல் துளையின் குறுகலில் உள்ள 4 குளூட்டமேட்டுகள் (எதிர்மின்சுமை கொண்ட அமினோ அமிலங்கள்) அதை இறுகப் பிடிக்கின்றன, சரி. வெளியே கால்சியமே இல்லாவிட்டால் சோடியம் தாராளமாக நுழைகிறதாம், அதுவும் புரிகிறது.

ஆனால் இவ்வளவு இறுகப் பிடித்தால் நொடிக்குப் பத்து லட்சம் அயனிகள் எப்படிக் கடக்கும்? பின்னால் வரும் கால்சியம் முன்னதைத் தள்ளுகிறது என்கிறார்கள். அப்படியானால் 6 குளூட்டமேட்டுகள் வளையமாக நிற்கும் ஓராய் (Orai) சேனலிலும் (செல்லுக்குள் சேமித்த கால்சியம் குறையும்போது திறக்கும் வேறொரு கால்சியம் சேனல்) இதே தள்ளல்தானா? அங்கே மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பது ஏன்?

தெரிந்தவர்கள் விளக்குங்களேன். கையால் வரைந்த படம் என்றாலும் போதும்.