பல காட்சிகள் கொண்ட இணையச் செயலி: தரவையும் நிலையையும் எங்கே வைப்பது?

கேள்வி

வணக்கம். பராமரிப்புப் பணிகளைக் கண்காணிக்கும் இணையச் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். பக்கம் ஒரு முறைதான் ஏற்றப்படுகிறது. அதன்பின் பட்டியல், நாட்காட்டி, பணி விவரம், திருத்தப் படிவம் என்னும் நான்கு காட்சிகளுக்கிடையே பயனர் மாறி மாறிச் செல்கிறார். ஒவ்வொரு காட்சியும் தனக்கு வேண்டிய தரவைத் தானே சர்வரிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். தொடக்கத்தில் அது ஒழுங்காகவே இருந்தது. இப்போது 37ஆம் எண் பணியின் தேதியை 12இலிருந்து 19க்கு மாற்றினால், நாட்காட்டியில் அது 19ஆம் தேதிக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. பட்டியலுக்குத் திரும்பினால் அங்கே இன்னமும் 12 என்றே நிற்கிறது. ஒரு காட்சியில் மாற்றம் நிகழ்ந்ததும் மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பும் நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்த்தேன். அவை பதினான்காகப் பெருகிவிட்டன. எது எதை எழுப்புகிறது என்பது எனக்கே பிடிபடவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. விவரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பட்டியலில் இட்ட வடிகட்டியும் உருட்டி வந்த இடமும் போய்விடுகின்றன. எல்லாக் காட்சிகளையும் முதலிலேயே உருவாக்கி மறைத்து வைக்க வேண்டுமா, தேவைப்படும்போது உருவாக்கிப் பிறகு அழிக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நான்கு காட்சிகளும் 37ஆம் பணிக்கு ஆளுக்கொரு நகலை வைத்திருப்பதுதான் கோளாறின் வேர். நகல்கள் இருக்கும் வரை, அவற்றை ஒத்திசைக்கும் நிகழ்வுகள் பெருகிக்கொண்டேதான் இருக்கும். பணிகள் அனைத்தையும் காட்சிகளுக்கு வெளியே ஒரே ஸ்டோரில் (எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவான தரவுக் களஞ்சியத்தில்), பணி எண்ணைச் சாவியாகக் கொண்டு வையுங்கள். பட்டியலும் நாட்காட்டியும் பணி எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, வரையும் நேரத்தில் ஸ்டோரிலிருந்து படிக்கட்டும். தேதி ஓரிடத்தில் மாறினால் அதைப் படிக்கும் காட்சிகள் தாமாகவே புதுப்பிக்கப்படும். உங்கள் பதினான்கு நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிடலாம். தரவையும் காட்சியையும் பிரித்து வைக்கும் இந்த எண்ணம் புதியதன்று. 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த எம்.வி.சி. (மாடல்-வியூ-கன்ட்ரோலர்: தரவு, காட்சி, கட்டுப்பாடு) அமைப்பிலேயே, ஒரே தரவைப் பல காட்சிகள் பார்ப்பதற்கு இடம் இருந்தது.

ஆயினும் எல்லாவற்றையும் ஸ்டோரில் கொட்டிவிடாதீர்கள். கீழிறங்கு பட்டியல் திறந்திருக்கிறதா என்பது போன்ற சிறு செய்திகள் அந்தந்தத் திரைக் கூறுக்குள்ளேயே இருக்கட்டும். அவற்றையும் பொதுவாக்கிய ஒரு செயலியைப் பராமரிக்க நேர்ந்தபோது, ஒரு பொத்தானை நீக்குவதற்கு நான்கு கோப்புகளைத் திருத்த வேண்டியிருந்தது.

வடிகட்டிக்கு உரிய இடம் உலாவியின் முகவரிப் பட்டை. எந்தக் காட்சி, எந்தப் பணி, எந்த வடிகட்டி என்னும் மூன்றும் முகவரியில் இருந்தால், திரும்பி வருவது மட்டுமல்லாமல், பக்கத்தைப் புதுப்பிப்பதும் இணைப்பைச் சக ஊழியருக்கு அனுப்புவதும் சரியாக நடக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: காட்சி மாறும்போது, உலாவி வரலாற்றில் புதிய பதிவைச் சேர்க்கும் புஷ்ஸ்டேட்டையும், தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யும்போது, இருக்கும் பதிவையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட்டையும் பயன்படுத்துங்கள். மாற்றிச் செய்தால், பயனர் பேக் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தேடற்சொல்லில் ஓர் எழுத்துதான் குறையும்.

மறுமொழி 2

மறைத்து வைப்பதா, அழிப்பதா என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃப்ளாஷில் ஓடும் செயலிகளை எழுதப் பயன்பட்ட ஃப்ளெக்ஸ் காலத்திலிருந்தே இது எங்களைப் படுத்திய கேள்வி. அங்கே வியூஸ்டாக் என்னும் கொள்கலன், ஒரு காட்சியை முதன்முதலாகக் காட்டும்போதுதான் அதன் உள்ளுறுப்புகளை உருவாக்கும். அது தெரியாமல், இன்னும் திறக்கப்படாத காட்சியின் உரைப்பெட்டியில் மதிப்பை எழுத முயன்று, இல்லாத பொருளை அணுகும்போது வரும் 1009ஆம் எண் பிழையில் சிக்காதவர்கள் குறைவு. எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே உருவாக்கும்படி அமைத்தால் பிழை மறையும்; செயலி திறப்பதற்குள் பயனர் பொறுமை இழந்துவிடுவார். மதிப்பைக் காட்சியில் எழுதாமல் வெளியிலுள்ள தரவில் எழுதியவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே மேலே நண்பர் சொன்னது இதற்கும் பொருந்தும்: நிலை வெளியே இருந்தால், காட்சியை எப்போது வேண்டுமானாலும் அச்சமின்றி அழிக்கலாம்.

அழிப்பதையே இயல்பாகக் கொள்ளுங்கள். மீண்டும் வரைய நீண்ட நேரம் பிடிக்கும் காட்சியை மட்டும், உங்கள் செயலியில் அநேகமாக நாட்காட்டியை, உயிரோடு மறைத்து வைக்கலாம். வியூ.ஜேஎஸ் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் இதற்கென்றே கீப்-அலைவ் என்னும் கூறு உண்டு. எத்தனை காட்சிகள் வரை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பையும் அதற்குத் தரலாம். பட்டியலின் உருட்டல் இடத்தை, வெளியேறும்போது ஓர் எண்ணாகக் குறித்து வைத்து, வரிசைகள் வரையப்பட்டபின் மீட்டால் போதும்.

எந்த வழியானாலும் டைமர்களையும் நிகழ்வுக் கேட்பான்களையும் நிறுத்த மறவாதீர்கள். எங்கள் செயலி ஒன்றில் விவரக் காட்சி 30 விநாடிகளுக்கு ஒரு முறை சர்வரைக் கேட்கும். பயனர் அதை ஐந்து முறை திறந்து மூடியபின் உலாவியின் நெட்வொர்க் தாவலைப் பார்த்தால், எந்த விவரமும் திரையில் இல்லாத நிலையில், 30 விநாடிகளுக்குள் ஐந்து கோரிக்கைகள் போய்க்கொண்டிருந்தன.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்டோருக்கு மாற்றியதும் தேதிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. படிவத்தில் பணியின் தலைப்பைத் திருத்தும்போது, பின்னாலுள்ள பட்டியலிலும் அது எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ரத்து செய்தாலும் பழைய தலைப்பு திரும்புவதில்லை.

மறுமொழி 1 எழுதியவர்

படிவத்தை ஸ்டோரிலுள்ள பணியோடு நேரடியாக இணைத்துவிட்டீர்கள். நகல் கூடாது என்று நான் சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முடிவாகாத திருத்தம் வேறு, சேமிக்கப்பட்ட தரவு வேறு. படிவம் திறக்கும்போது பணியை ஒரு வரைவாகப் பிரதியெடுத்து, தட்டச்சு முழுவதும் அந்த வரைவில் நிகழட்டும். ரத்து செய்தால் வரைவை எறிந்துவிடலாம். சேமித்தால், சர்வர் ஏற்றுக்கொண்டு திருப்பி அனுப்பும் பணியை ஸ்டோரில் வையுங்கள்.

வரைவு திறந்திருக்கும்போதே வேறொருவர் அதே பணியை மாற்றக்கூடும். அதற்காக, வரைவோடு சேர்த்துப் பணியின் ஈடேக் மதிப்பையும் (தரவின் பதிப்பைக் குறிக்க சர்வர் தரும் அடையாளம்) வைத்திருந்து, சேமிக்கும்போது கோரிக்கையின் இஃப்-மேட்ச் என்னும் ஹெடரில் அனுப்புங்கள். சர்வர் அதைச் சரிபார்க்கும்படி எழுதப்பட்டிருந்தால், இடையில் தரவு மாறியிருக்கும்போது 412 (முன்நிபந்தனை நிறைவேறவில்லை) என்னும் குறியீட்டுடன் மறுக்கும். அந்நேரத்தில் பயனரின் வரைவை அழித்துவிடாமல், சர்வரிலுள்ள புதிய மதிப்பை அதன் பக்கத்திலேயே காட்டி, எதை வைத்துக்கொள்வது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள்.